ஆட்டுரலும் குழவியுமாக மாதாவும் இயேசுவும்: யார் இந்த ஓவியர் ஜோதி சாஹி?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பழைய வீடு ஒன்றின் பின்கட்டுக்குப் போனால், மூலையில் ஓர் ஆட்டுரல் கிடப்பதை இன்னமும் பார்க்கலாம். மாவாட்ட கிரைண்டர் வந்துவிட்டது. ஆனாலும் கல் அப்படியே இருக்கும். அந்த ஆட்டுரலின் குழிக்குள் சுற்றும் கல்லுக்குப் பெயர் குழவி. கைக்குழந்தைக்கும் தமிழில் அதே பெயர்தான்.

இந்த ஆட்டுரலையும் குழவியையும் மனதில் வைத்து, மரியாளையும் குழந்தை இயேசுவையும் வரைந்தவர் ஜோதி சாஹி. 2000ஆம் ஆண்டை ஒட்டி வரையப்பட்ட அந்த ஓவியத்தின் பெயர் 'தலித் மடோனா'. இப்போது அது இங்கிலாந்தில் மெதடிஸ்ட் திருச்சபையின் நவீன ஓவியத் தொகுப்பில் இருக்கிறது.

நம்ம ஊர் சமையல்கட்டுக் கல் எப்படி மாதா படம் ஆனது? அதற்குள் என்ன அரசியல் இருக்கிறது? பார்க்கலாம்.

யார் இந்த ஜோதி சாஹி?

1944இல் புனேயில் பிறந்தவர். தந்தை பஞ்சாபைச் சேர்ந்த இந்து, தாய் ஆங்கிலேயக் கிறிஸ்தவர். இரண்டு மரபுகளும் ஒரே வீட்டுக்குள் இருந்ததால், 'இந்தியா ஒரு பக்கம், கிறிஸ்தவம் இன்னொரு பக்கம்' என்ற பிரிவினை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பொருந்தவில்லை.

1959 முதல் 1963 வரை லண்டன் கேம்பர்வெல் கலைக் கல்லூரியில் படித்தார். ஊர் திரும்பியதும் ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளியில் ஆசிரியராக இருந்தார். கட்டடக் கலைஞர் லாரி பேக்கரோடும் பணியாற்றினார். கேரளாவின் குரிசுமலை ஆசிரமத்தில் பீட் கிரிபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவியோடு பழகியது அவருடைய பாதையை முடிவு செய்தது. இந்தியத் துறவிகளைப் போலவே காவி உடுத்தி, தரையில் அமர்ந்து ஜெபித்தவர் கிரிபித்ஸ். 1968இல் தமிழ்நாட்டுக்கு வந்து, குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் உள்ள சாந்திவனம் ஆசிரமத்தை ஏற்று நடத்தியவரும் அவர்தான்.

1970களில் பெங்களூருக்கு வடக்கே சில்வேபுரா கிராமத்தில் சாஹி குடியேறினார். அங்கே உருவானதுதான் அவருடைய கலை ஆசிரமம். ஓவியம், தேவாலய வடிவமைப்பு, எழுத்து என மூன்றிலும் இயங்கினார். 1980இல் வந்த 'குழந்தையும் பாம்பும்', 1998இல் வந்த 'புனித நிலம்' ஆகிய அவருடைய ஆங்கில நூல்கள் இந்திய நாட்டார் சின்னங்களையும் வழிபாட்டு இடங்களையும் பற்றிப் பேசுபவை.

இயேசுவை இந்தியராக வரைவது புதுசா?

இல்லை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்பர் அவைக்கு இயேசு சபைத் துறவிகள் வந்தபோதே முகலாய ஓவியர்கள் மாதாவை வரைந்துவிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டில் வங்காளத்தின் ஜாமினி ராய் தன் நாட்டுப்புறப் பாணியில் இயேசுவை வரைந்தார். கோவாவின் ஆஞ்செலோ ட ஃபொன்சேகா மரியாளுக்குச் சேலை கட்டினார். அதற்காகச் சொந்த ஊரிலேயே கடும் எதிர்ப்பைச் சந்தித்து, புனேக்கு இடம் மாறினார்.

தமிழ்நாட்டிலும் இந்த மரபு உண்டு. சென்னை ஓவியக் கல்லூரியோடு தொடர்புடைய கே.சி.எஸ். பணிக்கர், சிற்பி எஸ். தனபால், அல்போன்ஸோ தாஸ் ஆகியோர் இயேசுவைத் தங்கள் படைப்புகளில் கொண்டுவந்தார்கள். இவர்களில் பணிக்கரும் தனபாலும் கிறிஸ்தவர்கள் அல்ல என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

திருச்சபை எப்போது கதவைத் திறந்தது?

1962 முதல் 1965 வரை ரோமில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம்தான் திருப்புமுனை. அந்தந்த மண்ணின் மொழியிலும் பண்பாட்டிலும் வழிபடலாம் என்ற எண்ணத்துக்கு அது இடம் கொடுத்தது. இந்தியாவில் இதை முன்னெடுத்தவர் ஒரு தமிழர்: அருட்தந்தை டி.எஸ். அமலோற்பவதாஸ். 1967இல் பெங்களூரில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்துக்கு அவர் தலைமை ஏற்றார். 1969இல் தரையில் அமர்வது, ஆரத்தி எடுப்பது போன்ற 12 மாற்றங்களுக்கு அனுமதி கிடைத்தது. இப்படி ஒரு சூழலில்தான் சாஹியின் கலைக்கும் தேவாலயங்களில் இடம் கிடைத்தது.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது?

மூன்று பக்கமும்தான். 'சிலுவைக்குப் பக்கத்தில் குத்துவிளக்கா? இது நம் மதத்தை இந்துமயமாக்குவது' என்று கிறிஸ்தவர்கள் சிலர் கொதித்தார்கள். 'எங்கள் சின்னங்களை எடுத்து மதமாற்றத்துக்குப் பயன்படுத்துகிறார்கள்' என்று இந்துக்கள் சிலர் சொன்னார்கள்.

மூன்றாவது கேள்விதான் ரொம்பக் கூர்மையானது. 1980களில் வளர்ந்த தலித் இறையியல் அதைக் கேட்டது. 'இந்தியப் பண்பாடு என்று சொல்லி ஓம், தாமரை, சமஸ்கிருத மந்திரம் என்று உள்ளே கொண்டுவருகிறீர்களே, இது யாருடைய பண்பாடு? இந்தியக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். எந்தக் கோயிலுக்குள் எங்களை விடவில்லையோ, அந்தக் கோயிலின் சின்னங்களை எங்கள் தேவாலயத்தில் வைப்பது விடுதலையா?'

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டுப் பின்னணி அதிகம். சாதிவாரியாகப் பிரிந்து உட்காருவதற்கென்றே இரண்டு கூடங்களோடு கட்டப்பட்ட வடக்கன்குளம் தேவாலயம் தென்மாவட்ட மக்களுக்குத் தெரியும். தனிக் கல்லறைத் தோட்டம், தனித் தேர்ப் பவனி என்று பிரச்சினைகள் இன்றும் செய்தியாகின்றன.

'தலித் மடோனா'வில் என்ன இருக்கிறது?

இந்த ஓவியத்தில் தாமரை இல்லை, ஓம் இல்லை. மாதாவின் உடல் ஆட்டுரலைப் போல வளைந்து, நடுவில் குழியாக நிற்கிறது. அந்தக் குழிக்குள் முட்டை வடிவக் குழவியைப் போலக் குழந்தை பொருந்துகிறது. தாய்க்கல், பிள்ளைக்கல். ஒன்று இல்லாமல் மற்றொன்றுக்கு வேலை இல்லை.

'தலித்' என்ற சொல்லே இங்கே முக்கியம். உடைக்கப்பட்ட, நொறுக்கப்பட்ட என்பது அதன் பொருள். கடையில் 'தால்' என்று விற்கும் உடைத்த பருப்புக்கும் வேர்ச்சொல் அதுதான். நொறுக்குவதும் அரைப்பதும் நடக்கும் கல்லையே, நொறுக்கப்பட்ட மக்களின் தாயாக ஓவியம் மாற்றுகிறது. ஆனால் அந்தக் கல்லில் அரைபடுவது வெறுமனே அழிந்துபோவதில்லை. அது மாவாகி, வீட்டுக்குச் சாப்பாடாகிறது. கிறிஸ்தவ வழிபாட்டில் இயேசு அப்பமாகப் பிட்டுக் கொடுக்கப்படுகிறார் என்பதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், ஓவியத்தின் ஆழம் புரியும்.

இன்னொன்றும் உண்டு. இது சாமியறையில் இருக்கிற பொருள் அல்ல. பெண்கள் மணிக்கணக்கில் குனிந்து, கை வலிக்கச் சுற்றிய கல். வேளாங்கண்ணி மாதாவுக்குச் சேலை சாத்துவது நமக்குப் பழகியதுதான். 'சேலை சரி, அதைக் கட்டியிருப்பது எந்த வீட்டுப் பெண்?' என்பதே சாஹியின் படம் கேட்கும் கேள்வி.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

சாஹிக்கும் இந்த ஊருக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகச் சொல்ல முடியாது. ஆனால் கடவுளைக் கைக்குழந்தையாகப் பார்க்கும் பார்வை இந்த ஊருக்குப் புதிதல்ல. துளசிச் செடியடியில் கிடந்த குழந்தையை எடுத்து ஆண்டாளாக வளர்த்தவர் என்று மரபு சொல்லும் பெரியாழ்வார், யசோதையாகவே மாறிக் கண்ணனைத் தாலாட்டினார், குளிக்கக் கூப்பிட்டார், நிலவைக் காட்டினார். பிற்காலப் பிள்ளைத்தமிழ் இலக்கியத்துக்கு அவரே முன்னோடி. அதே வடிவத்தில் இயேசுவைக் குழந்தையாகப் பாடிய தமிழ் நூல்களும் உண்டு.

அதனால்தான் அன்னை மடியில் இருக்கும் தெய்வக் குழந்தை என்றால், எந்த மதத்தவரானாலும் இந்தப் பக்கத்து மக்களுக்கு விளக்கம் தேவைப்படாது. சாஹி செய்தது, அந்தத் தாயை ஒடுக்கப்பட்டவர் வீட்டுக்குக் கொண்டுபோனது.

இது இன்றைக்கு ஏன் முக்கியம்?

1950ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பட்டியல் சாதிகள் ஆணைப்படி, கிறிஸ்தவராக மாறிய தலித்துக்குப் பட்டியல் சாதி தகுதி கிடையாது. சீக்கியர்களுக்கு 1956இலும், பௌத்தர்களுக்கு 1990இலும் அந்தத் தகுதி விரிவாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். இந்தக் கோரிக்கையை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022இல் மத்திய அரசு ஆணையம் அமைத்தது. தகுதி வழங்கக் கோரி 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது.

மதம் மாறினால் சாதி போய்விடுகிறதா என்பதுதான் இந்த வழக்கு, விவாதம் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி. போகவில்லை என்பதை 'தலித் மடோனா' என்ற இரண்டு சொற்களே சொல்லிவிடுகின்றன. மாதாவின் பெயருக்கு முன்னால் 'தலித்' என்று சேர்க்க வேண்டிய தேவை இருக்கும்வரை, அந்தப் படத்துக்கும் வேலை இருக்கிறது.