படத்தை அழித்தது நிலையம்; குரலைக் காத்தது ரசிகர்கள்!

டெலிவிஷன் தொடர் ஆண்டுக்கணக்கில் ஓடுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் 1963-ல் தொடங்கி, நடுவே பதினாறு ஆண்டுகள் படுத்துவிட்டு, மறுபடி எழுந்து 2025-லும் புதிய கதைகளோடு வந்த ஒரு விஞ்ஞானத் தொடர் உண்டு என்றால் வியப்பாக இல்லையா? பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம் தயாரித்த 'டாக்டர் ஹூ' தான் அது.

ரசிகன் என்றாலே வேலைவெட்டி இல்லாதவன் என்று முகம் சுளிப்பவர்கள் பலர். அவர்கள் இந்தத் தொடரின் கதையை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் உயிரைக் காத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர்கள் ரசிகர்களே!

கூடு விட்டுக் கூடு பாயும் டாக்டர்

1963 நவம்பர் 23, சனிக்கிழமை. முதல் பகுதி ஒளிபரப்பானது. முந்திய நாள்தான் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். உலகமே அந்தத் துயரச் செய்தியில் மூழ்கியிருந்த நேரம். எனவே அடுத்த வாரம் முதல் பகுதியை மறுபடி காட்டிவிட்டு, அதன் பிறகே இரண்டாம் பகுதியைத் தொடங்கினார்கள். அந்த முதல் கதையை டைரக்ட் செய்தவர் வாரிஸ் ஹுசேன். நம் லக்னோவில் பிறந்தவர்!

காலம், அண்டவெளி இரண்டிலும் இஷ்டம்போல் பயணம் செய்யும் அயல்கிரகவாசிதான் 'டாக்டர்'. அவருடைய வாகனம் ஒரு நீல நிறப் போலீஸ் பெட்டி. வெளியிலிருந்து பார்த்தால் டெலிபோன் பூத் அளவு. உள்ளே போனால் மாளிகை!

1966-ல் முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடல்நலம் குன்றியது. தொடரை நிறுத்துவதற்குப் பதிலாக ஒரு தந்திரம் செய்தார்கள். டாக்டருக்கு உடல் தளர்ந்தால் புது உடல், புது முகம் கிடைக்கும் என்று கதையை அமைத்துவிட்டார்கள். விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த நமக்குக் கூடு விட்டுக் கூடு பாய்வதை விளக்கவா வேண்டும்? அந்தத் தந்திரத்தால்தான் நடிகர்கள் மாறினாலும் தொடர் நிலைத்தது.

நாடாவைத் துடைத்தார்கள்

கதையில் டாக்டருக்குச் சாவு இல்லை. ஆனால் நிலையத்தின் அலமாரியில் இருந்த டாக்டருக்கு ஆபத்து வந்தது. அக்காலத்தில் வீடியோ நாடாவின் விலை அதிகம். நடிகர் சங்கத்துடன் செய்த ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியை விருப்பம்போல் மறு ஒளிபரப்புச் செய்யவும் முடியாது. கலர் வந்ததும் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு மவுசு குறைந்தது. வீட்டுக்கு வீடு வீடியோ வரும் என்று அன்று யார் கண்டார்கள்? 'இனி எதற்கு?' என்று பழைய நாடாக்களைத் துடைத்து வேறு நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்தினார்கள். வெளிநாடுகளுக்கு விற்பதற்காக எடுத்த பிலிம் பிரதிகளிலும் பல குப்பைக்குப் போயின. முதல் ஆறு ஆண்டுகளில் வந்த 253 பகுதிகளில், 2013-ம் ஆண்டு முடிவில்கூட 97 பகுதிகளின் படம் கிடைக்கவில்லை.

படம்தான் போயிற்று. குரல் போகவில்லை!

ஒளிபரப்பு நடந்த அந்த நாட்களிலேயே சில இளம் ரசிகர்கள் டேப் ரிக்கார்டரை டெலிவிஷன் முன்னால் வைத்து ஒலியைப் பதிவு செய்தார்கள். சிலர் பெட்டியிலிருந்து நேராகவே ஒயர் இழுத்துப் பதிந்தார்கள். ஒருவருக்கும் இது சரித்திரப் பணி என்ற எண்ணம் இருந்திருக்காது. மறுபடி கேட்க ஆசை, அவ்வளவுதான். விளைவு? படம் தொலைந்த அத்தனை பகுதிகளுக்கும் முழு ஒலி இன்று இருக்கிறது. 2006 முதல் அந்த ஒலிக்குக் கார்ட்டூன் படம் சேர்த்துப் பல கதைகளுக்கு மறுவாழ்வு கொடுத்திருக்கிறார்கள்.

படம் இல்லாமல் ஒலி மட்டும் என்ன சுகம் என்று கேட்பீர்களோ? கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கியில் 'திருவிளையாடல்' வசனத்தைக் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் நாம்! ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டவர்களுக்குக் காதே கண்தான்.

தேடலும் ஓயவில்லை. ஆப்பிரிக்காவில் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து நிலையம் ஒன்றிலிருந்து ஒன்பது காணாமற்போன பகுதிகள் கிடைத்த செய்தி 2013 அக்டோபரில் வெளியானது.

ரசிகரே டாக்டரானார்

1989-ல் தொடர் நின்றது. 1996-ல் ஒரே ஒரு டெலிவிஷன் படம் வந்தது. 2005-ல் அதை மீண்டும் நடத்திக் காட்டிய ரஸ்ஸல் டி. டேவிஸ் சிறு வயது முதலே அதன் ரசிகர். பின்னர் டாக்டர் வேடம் ஏற்ற டேவிட் டெனன்ட், பீட்டர் கபால்டி இருவரும் அப்படியே. கபால்டி பள்ளிப் பருவத்திலேயே தொடரைப் பற்றிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர்!

கேரளத் தமிழர்களுக்கு இன்னொரு சுவையான செய்தி. 2025-ல் டாக்டரின் துணையாக வந்த பெலிண்டா சந்திரா என்ற பாத்திரம் ஒரு நர்ஸ். அந்த வேடத்தில் நடித்த வரதா சேது கேரளத்தில் பிறந்தவர். கடல் கடந்து நர்ஸ் வேலைக்குப் போன பெண்கள் இங்கே எத்தனை குடும்பங்களில் இருக்கிறார்கள்!

உங்கள் பரணில் என்ன இருக்கிறது?

நம்மிடமும் விஞ்ஞானக் கதைத் தொடர் உண்டு. 'ஆனந்த விகடன்' வார இதழில் வெளிவந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனிலும் தொடரானது. ஜீனோ என்ற இயந்திர நாயை யார் மறப்பார்கள்? அச்சான புத்தகம் கடையில் கிடைக்கும். ஒளிபரப்பானதோ காற்றோடு போகும். யாராவது பிடித்து வைத்தால்தான் உண்டு.

வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமும், இடுக்கி மாவட்டத் தோட்டப் பகுதிகளிலும் பழைய கேசட்டுப் பெட்டி இருக்கும் வீடுகள் உண்டு. ரேடியோ நாடகம், தொலைக்காட்சித் தொடர், கோவில் திருவிழாக் கூத்து, பாட்டியின் கும்மிப் பாட்டு என்று எது வேண்டுமானாலும் அதில் பதிந்திருக்கலாம். எல்லை ஊர்களின் தமிழைப் பெரிய நிலையங்கள் தேடி வந்து பதிவு செய்யும் என்று காத்திருக்க முடியாது.

காந்த நாடாவுக்கு ஈரமும் வெயிலும் பகை. இடவப்பாதி மழையின் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். பூஞ்சை பிடித்த நாடாவை அப்படியே ஓட்டினால் நாடாவும் கெடும், கருவியும் கெடும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்து, கம்ப்யூட்டரில் பிரதி எடுத்து, இரண்டு இடங்களில் வைப்பது நல்லது. எந்த நாள், எந்த நிகழ்ச்சி, யாருடைய குரல் என்று ஒரு சீட்டும் எழுதி வையுங்கள்.

வேண்டாம் என்று நிலையம் துடைத்ததை, வேண்டும் என்று ஆசைப்பட்ட ரசிகன் வைத்திருந்தான். பெட்டியைத் தூக்கி எறிவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள்!