காசில்லாமல் கம்ப்யூட்டருக்குக் காவல் கிடைக்குமா? எப்படி?

பெரியநாயக்கன்பாளையம் பக்கம் ஆலை கேட்டுகளில் நோட்டும் பேனாவுமாக வாட்ச்மேன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்யூட்டருக்குக் காவலான ஃபயர்வால் செய்வதும் அதே வேலைதான்.

ஆனால் உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு கேட் இல்லை. 'போர்ட்' எனப்படும் எண்ணிட்ட வாசல்கள் 65,536 உண்டு.

நீங்கள் ஒரு இணையதளத்தைத் திறக்கிறீர்கள். எந்த வாசல் வழியாக, எங்கே போனீர்கள் என்று வாட்ச்மேன் குறித்துக்கொள்கிறார். பதில் வரும்போது நோட்டைப் புரட்டுகிறார். பதிவு இருந்தால் உள்ளே விடுவார். கூப்பிடாமல் வந்தால்? வாசலோடு சரி!

2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னாக்ரை வைரஸ், 445ஆம் வாசல் வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது.

சரி, காசில்லாமல் கிடைக்கும் ஃபயர்வால்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

விண்டோஸ் என்றால் தேடி அலைய வேண்டாம். 2004இல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 முதலே ஃபயர்வால் தானாக ஆன் ஆகியிருக்கும். உபுண்டுவில் 'யுஎஃப்டபிள்யூ' கூடவே வரும். நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும்.

விண்டோஸ் வாட்ச்மேன் வெளியே போகிறவர்களை வழக்கமாக நிறுத்திக் கேட்பதில்லை. அதுவும் வேண்டுமென்றால் காமோடோ, ஸோன்அலார்ம் போன்றவற்றைப் பார்க்கலாம். ஒரே கேட்டில் இரண்டு வாட்ச்மேன் மட்டும் வேண்டாம்; சண்டைதான் வரும்.

பேக்கரி வைஃபையில் இணைந்தால் 'பப்ளிக்' என்று தேர்ந்தெடுங்கள். காவல் இறுகும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நீங்களே இறக்கிய கிராக் சாஃப்ட்வேரை எந்த ஃபயர்வாலும் வாசலில் நிறுத்தாது.