"லேடீஸ் வண்டி": ஸ்கூட்டி ஓட்டுறவங்களைப் பார்த்து ஏன் சிரிக்கிறோம்?

(எபிசோடில் பேசியதைப் படிக்க வசதியாகச் சுருக்கித் தொகுத்திருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணா, எங்க வீட்ல பழைய ஆம்னி ஒண்ணு இருக்கு. பொண்ணு பார்க்க அதுல போகலாம்னா அம்மா வேண்டாங்கிறாங்க. ஆள் கடத்துற வண்டி மாதிரி இருக்காம்!" கேட்டதும் சிரிச்சிட்டேன். ஆனா கேள்வி நல்ல கேள்வி. ஒரு வண்டியைப் பார்த்ததும் அதை ஓட்டுறவர் இப்படிப்பட்டவர்தான்னு மனசுக்குள்ள ஒரு படம் ஓடுதே, அது எங்கிருந்து வருது?

ஆம்னி விஷயம் சுலபம். மாருதி வேன்ங்கிற பேர்ல 1984-ல வந்தது, ஆம்னிங்கிற பேர் அப்புறம் வச்சது. 796 சி.சி. எஞ்சின், மூக்கே இல்லாத முகம், பக்கவாட்டுல இழுத்துத் திறக்கிற கதவு. ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போச்சு, ஆம்புலன்ஸா ஓடுச்சு, குலதெய்வக் கோயிலுக்குப் பொங்கல் பானையோட போச்சு. ஆனா சினிமாக்காரங்களுக்குப் பிடிச்சது அந்தக் கதவு. வண்டி நிக்கிறதுக்கு முன்னாடியே கதவைச் சர்ருன்னு இழுக்கலாம், ஆளைத் தூக்கி உள்ளே போடலாம், ஒரே ஷாட். 2019-ல உற்பத்தியையே நிறுத்திட்டாங்க, இன்னும் அந்தப் பேர் போகலை. டாடா சுமோவுக்கும் இதே கதி. 1994-ல வந்த வண்டி. சுமந்த் மூல்காவ்கர்னு அந்தக் கம்பெனியை நடத்தின பெரிய மனுஷர், அவர் பேரோட முதல் எழுத்துகளைச் சேர்த்துதான் சு-மோ. நம்ம படங்கள்ல அது அரிவாளோட பத்துப் பேர் இறங்குற வண்டி ஆயிடுச்சு.

இதெல்லாம் பெரும்பாலும் தமாஷோட போயிடும். தமாஷோட போகாத ஒரு வண்டி இருக்கு. ஸ்கூட்டி.

முதல்ல பேரைப் பார்ப்போம். ஸ்கூட்டிங்கிறது டி.வி.எஸ். கம்பெனியோட ஒரு மாடல். ஆனா நம்ம ஊர்ல கியர் இல்லாத எந்த ஸ்கூட்டரும் ஸ்கூட்டிதான், ஜெராக்ஸ் மாதிரி. இதுக்கு முன்னாடி இருந்த ஸ்கூட்டர்கள்ல இடது கையாலயே கிளட்ச்சையும் பிடிக்கணும், கியரையும் திருப்பணும். ஸ்டார்ட் பண்ண காலால உதைக்கணும். சேலை கட்டிக்கிட்டு நடுரோட்டுல அதை உதைச்சுப் பாருங்க, தெரியும். 1984-ல வந்த கைனெடிக் ஹோண்டாவில கியர் கிடையாது, பட்டனை அமுக்கினா ஸ்டார்ட். தொண்ணூறுகள்ல ஸ்கூட்டி வந்தது. 2003-ல வந்த ஸ்கூட்டி பெப்போட எடை 100 கிலோவுக்குள்ளதான். ஸ்டாண்ட் போடவும், தள்ளி நிறுத்தவும் இன்னொருத்தரைக் கூப்பிட வேண்டாம். விளம்பரம் முழுக்கப் பெண்கள், கலர் கலரா வண்டிகள். ஹீரோ ஹோண்டா ப்ளெஷருக்கு பிரியங்கா சோப்ராவையே கூட்டிட்டு வந்தாங்க. "இது உங்களுக்கான வண்டி"ன்னு பெண்கள்கிட்ட சொன்னாங்க. அதையே ஆண்கள் வேற மாதிரி கேட்டுக்கிட்டாங்க: "லேடீஸ் வண்டி, நமக்கில்ல."

எங்க அம்மா அந்தக் காலத்துல வாங்கினவங்கதான். லால்குடி பக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில டீச்சர். வீட்ல இருந்து பள்ளிக்கூடம் 9 கிலோமீட்டர், நாளைக்கு நாலே பஸ். 46 வயசுல ஸ்கூட்டி வாங்கினாங்க. அப்பா வாங்கிக் கொடுத்தார், ஆனா பின்னாடி உட்கார மாட்டார். "நீ போ, நான் சைக்கிள்ல வர்றேன்"பார். வாங்கின நாலாம் மாசம், சாலை ஓரத்து மணல்ல சறுக்கி அம்மா விழுந்தாங்க. முழங்கையில சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனா கூடின கூட்டத்துல ஒருத்தர் சொன்னது அவங்களுக்குச் சிராய்ப்பை விட நாளாச்சு ஆற: "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா வண்டி?" மூணு மாசம் வண்டியைத் தொடலை. பஸ்ஸைத் தவறவிட்டு, லேட்டாப் போயி, ஹெட்மாஸ்டர்கிட்ட பேச்சு வாங்கினாங்க. நான் அப்ப காலேஜ்ல இருந்தேன். ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து ஸ்கூட்டி ஜோக் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். அதையும் சொல்லிடணும்.

சரி, அந்த ஜோக்குகள்ல என்னதான் இருக்கு? காலைத் தரையில தேய்ச்சுக்கிட்டே வண்டியை நிறுத்துவாங்க. இண்டிகேட்டர் இடது பக்கம், திரும்புறது வலது பக்கம். இண்டிகேட்டரை விட்டுடலாம், நம்ம ஊர்ல அதை ஒழுங்கா போடுற ஆண்களை நானும் தேடிக்கிட்டுதான் இருக்கேன். அந்தக் கால் விஷயத்தைப் பார்ப்போம். அதுல கொஞ்சம் மெக்கானிக்கல் காரணம் இருக்கு.

இரண்டு சக்கர வண்டி நேரா நிக்கிறதுக்கு வேகம் வேணும். நடக்கிற வேகத்துக்குக் குறைஞ்சா யார் ஓட்டினாலும் ஆடும். சின்ன சக்கரம்னா பள்ளத்தில இன்னும் அதிகமா ஆடும். பைக்ல இதைச் சமாளிக்க ஒரு வழி இருக்கு. கிளட்ச்சைப் பாதி பிடிச்சு, பின் பிரேக்கை லேசா மிதிச்சா எறும்பு மாதிரி நகரலாம். ஸ்கூட்டியில கிளட்ச் நம்ம கையில இல்லை. எஞ்சின் ஒரு வேகத்துக்கு மேல சுத்தினா அது தானா பிடிக்கும், அதுக்குக் கீழே போனா தானா விட்டுடும். அதனால டிராஃபிக்ல ஊர்ந்து போகும்போது ஒண்ணு வண்டி இழுக்கும், இல்லைன்னா சும்மா உருளும், நடுவுல நிக்காது. பின் பிரேக்கை லேசா பிடிச்சபடி ஆக்சிலரேட்டரைக் கொடுத்தா அடக்கலாம். இதை யாராவது சொல்லிக் கொடுத்திருக்காங்களா? "ஏறி உட்காரு, முறுக்கு, போ" இதுதான் நம்ம வீட்டுப் பயிற்சி. சொல்லிக் கொடுக்காத இடத்துல கால் தானா கீழே வரும்.

இன்னொண்ணு. பையன் 13 வயசுல மாமாவோட டி.வி.எஸ். 50-ஐ எடுத்துக்கிட்டு ஏரிக்கரையில ஓட்டிப் பழகுறான் (சட்டப்படி தப்பு, ஆனா நடக்குது). அவன் எத்தனை தடவை விழுந்தான்னு கருவேல மரத்துக்குத்தான் தெரியும். 20 வயசுல ரோட்டுக்கு வரும்போது அவனுக்கு ஏழு வருஷ அனுபவம். எங்க அம்மா மாதிரி ஆட்கள் 46 வயசுல, காலை எட்டரை மணிக்கு, டீக்கடை வாசல்ல, அத்தனை பேர் பார்க்கப் பழகுறாங்க. நாம பார்க்கிறது புதுசா ஓட்டுறவங்களை. மனசு எழுதிக்கிறது "பொம்பளைங்க"ன்னு. ஆண் ஒருத்தர் தப்பா ஓட்டினா "குடிச்சிருக்கான் போல"ன்னு அந்த ஒரு ஆளோட முடிச்சுக்கிறோம். பெண் தப்பா ஓட்டினா அந்தக் கணக்கு எல்லார் பேர்லயும் ஏறிடுது.

"புள்ளிவிவரம் என்ன சொல்லுது?"ன்னு கேப்பீங்க. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட கணக்குப்படி 2022-ல இந்தியாவில சாலை விபத்துகள்ல இறந்தவங்க 1,68,491 பேர். அதுல தமிழ்நாட்டுல மட்டும் 17,884. மொத்தத்தில 100-க்கு 85 பேருக்கு மேல ஆண்கள். உடனே "பார்த்தீங்களா, ஆண்கள்தான் மோசம்"னு நான் சொல்ல வரலை. ரோட்டுல ஆண்கள்தான் அதிகம், அதனால சாவும் அதிகம்னு ஒரு பதில் உடனே வரும், அது நியாயமான பதில். நான் காட்ட நினைக்கிறது வேற எண். அதே அறிக்கையில, சாவுகள்ல ஏறக்குறைய 70 சதவீதத்துக்குக் காரணமா எழுதியிருக்கிறது அதிவேகம். காலைத் தேய்ச்சுக்கிட்டு 15 கிலோமீட்டர் வேகத்துல போறவங்களைப் பார்த்து சிரிக்கிறோம். 90-ல முறுக்கிட்டுப் போறவனை "செமயா ஓட்டுறான்டா"ங்கிறோம்.

இது நம்ம ஊர் வியாதி மட்டும்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல கிரைஸ்லர் கம்பெனி 1983 கடைசியில மினிவேன் கொண்டுவந்தது. கார் மாதிரி ஓட்டலாம், வீட்டு கராஜுக்குள்ள நுழையும், ஏழு பேர் உட்காரலாம், பக்கவாட்டுக் கதவு. ஆம்னிக்குத் தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கோங்க. குடும்பங்கள் அள்ளிக்கிட்டுப் போச்சு. அப்புறம் என்ன ஆச்சு? பிள்ளைங்களைக் கால்பந்துப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போற புறநகர் அம்மா, அவங்களைச் "சாக்கர் மாம்"னு 1996 அதிபர் தேர்தல்ல ஓட்டு வங்கியாவே பேசினாங்க. அவங்க கையில ஒரு மினிவேன் சாவியும் சேர்ந்துக்கிச்சு. அதுக்கப்புறம் மினிவேன் ஓட்டினா "வாழ்க்கை முடிஞ்சுபோச்சு"ன்னு அர்த்தம். கூச்சப்பட்டவங்க பலர் உயரமான எஸ்.யு.வி. பக்கம் போனாங்க. அந்தக் கால எஸ்.யு.வி.கள் கவிழ்றதுக்கு அதிக வாய்ப்பு உள்ளது, மூணாவது வரிசையில ஏறவும் சிரமம். 2000-ல வருஷத்துக்கு 13 லட்சத்துக்கு மேல வித்த மினிவேன் இப்ப அதுல பாதிகூட விக்கிறதில்ல. வண்டியில எந்தக் குறையும் வரலை. அம்மா ஓட்டுற வண்டிங்கிற பேர்தான் வந்தது.

நம்ம ஊர்ல ஸ்கூட்டி வேற திசையில போச்சு, அது ஆச்சரியம்தான். ஆக்டிவா மாதிரி கொஞ்சம் கனமான வண்டிகள் வந்ததும் ஆண்களும் ஏறினாங்க. முன்னாடி கேஸ் சிலிண்டர் வைக்கலாம், அரிசி மூட்டை வைக்கலாம், பிள்ளையை நிக்க வைக்கலாம் (தயவுசெஞ்சு வைக்காதீங்க). 2018 பிப்ரவரியில தமிழக அரசு அம்மா இரு சக்கர வாகனத் திட்டத்தைத் தொடங்கினது. வேலைக்குப் போற பெண்களுக்கு வண்டி விலையில பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கொடுத்தாங்க. லைசென்ஸ் இருந்தாதான் மானியம் கிடைச்சது, அதனால எட்டுப் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அந்த எட்டை நீங்களும் நானும் எப்படிப் போட்டோம்னு நமக்குத் தெரியும், அதை விடுங்க.

அம்மா மூணு மாசம் கழிச்சு ஏன் மறுபடி எடுத்தாங்கன்னு இந்த எபிசோடுக்காக போன் பண்ணிக் கேட்டேன். பெருசா ஏதாவது சொல்வாங்கன்னு எதிர்பார்த்தேன். "சத்துணவு முட்டையை எண்ணி வாங்க நான் எட்டேகாலுக்குப் போகணும்டா, பஸ் எட்டரைக்குத்தான் வரும்"னாங்க. 12 வருஷம் அதே வண்டி, ரிட்டயர் ஆகிற நாள் வரைக்கும். அப்பா? கண்புரை ஆபரேஷன் முடிஞ்ச அப்புறம் திருச்சிக்கு டாக்டரைப் பார்க்க அம்மா பின்னாடிதான் போனார். வழி நெடுக "மெதுவா, மெதுவா"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாராம். வண்டி 30-ஐத் தாண்டவே இல்லைங்கிறாங்க அம்மா.

ஆம்னி நேயருக்கு: தம்பி, அந்த வண்டியிலயே போங்க. கதவை மட்டும் மெதுவாத் திறங்க. அடுத்த வாரம் ஷேர் ஆட்டோவைப் பத்திப் பேசலாம்.