இடப்பக்கத்துப் பலகைகள்

மறுவாழ்வுப் பிரிவின் வாயிலில், மின்தூக்கியை விட்டு வெளியே வந்ததும் எதிர்ப்படும் கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று பாய்மரங்களுடன் ஒரு மரக்கப்பல் நிற்கிறது. அதை எங்கே வாங்கினோம் என்று பலரும் கேட்கிறார்கள். அது வாங்கிய கப்பல் அன்று. இங்கே சிகிச்சை பெற்றுச் சென்ற ஒருவரின் மகன், வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து எங்களிடம் கொடுத்தார். பெட்டிக்குள் கப்பல் இல்லை. கட்டுக் கட்டாக மெல்லிய மரப்பட்டிகள், வெட்டுக் கோடுகள் பதித்த ஒட்டுப்பலகைத் தகடுகள், நூல் கண்டுகள், கடுகளவு உலோகத் துண்டுகள், மடித்து வைத்த பெரிய வரைபடங்கள் ஆகியவையே இருந்தன. இவற்றை ஒன்றுசேர்த்துக் கப்பலாக்க எங்களுக்குப் பதினொரு மாதங்கள் ஆயின. ‘எங்களுக்கு’ என்பதில் செயல்வழிச் சிகிச்சையாளர்களாகிய நாங்கள் சிறுபான்மையினர். பெரும்பகுதி வேலையைச் செய்தவர்கள், பக்கவாதத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த நோயாளிகளும் அவர்களுடன் வந்து காத்திருந்த குடும்பத்தினருமே.

பெட்டியின் மேல் ‘பீகிள்’ என்று எழுதியிருந்தது. சார்லஸ் டார்வினை உலகைச் சுற்றி அழைத்துச் சென்ற கப்பல் அது. 1820ஆம் ஆண்டு லண்டனை அடுத்த உல்விச் கப்பல் துறையில் நீரில் இறங்கியது. நீளம் ஏறத்தாழ 27.5 மீட்டர். நாங்கள் கட்டியது அறுபதில் ஒரு பங்கு. ஆகவே மாதிரியின் கப்பலுடல் 46 செ.மீ. நீளம், அதில் ஆறடி மனிதன் ஒருவனை நிறுத்தினால் 3 செ.மீ. உயரமே இருப்பான். டார்வினும் ஏறத்தாழ ஆறடி உயரமுள்ளவர். பின்தளத்திலிருந்த சிறிய அறையில், வரைபட மேசைக்கு மேலே அவருடைய ஊஞ்சற்படுக்கை கட்டப்பட்டது. கால் நீட்ட இடம் போதாமல், சுவரோரம் இருந்த பேழையின் இழுப்பறை ஒன்றைக் கழற்றிவிட்டு, அந்தப் பொந்துக்குள் கால்களை நுழைத்துக்கொண்டு உறங்கினார். வார்டுக் கட்டிலில் கால் மடக்கிப் படுத்துப் பழகிய எங்கள் நோயாளிகளுக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்துப்போயிற்று.

அதைவிடப் பிடித்தது அந்தப் பயணத்தின் நாட்கணக்கு. 1831 டிசம்பர் 10ஆம் நாள் பிளிமத்திலிருந்து புறப்பட்ட கப்பல் புயலால் திரும்பியது. 21ஆம் நாள் மறுபடி புறப்பட்டு மறுபடி திரும்பியது. 27ஆம் நாள்தான் வெளியேற முடிந்தது. இரண்டு ஆண்டுப் பயணம் என்று சொல்லித்தான் டார்வினை அழைத்திருந்தார்கள். அவர் ஊர் திரும்பியது 1836 அக்டோபரில். ‘பத்து நாளில் வீட்டுக்குப் போய்விடலாம்’ என்ற சொல்லை நம்பி வந்து, மூன்றாவது மாதத்தில் இருந்த ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “அங்கேயும் இதே கதைதானா?” என்றார்.

இத்தகைய மாதிரிக் கப்பலைக் கட்டும் முறை, உண்மையான மரக்கலத்தைக் கட்டும் முறையையே சுருக்கிப் பின்பற்றுகிறது. முதலில் கப்பலின் முதுகெலும்பான அடிமரம். நம் கடற்கரையில் அதற்கு ஏரா என்று பெயர். அதன் குறுக்கே விலா எலும்புகளைப் போல வரிசையாகச் சட்டங்களைப் பொருத்த வேண்டும், அவை வங்குகள். எலும்புக்கூடு நேராக நின்ற பிறகு, அதன்மேல் தோலைப் போர்த்துவதுபோல மரப்பட்டிகளை ஒவ்வொன்றாக ஒட்டுவார்கள். எங்கள் பட்டிகள் 5 மி.மீ. அகலமுள்ளவை. அவற்றை வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் வளைந்து கொடுக்கும். வளைத்து, அணியத்திலிருந்து பின்பக்கம்வரை பசை தடவிப் பொருத்தி, காயும்வரை துணி மாட்டும் கிளிப்புகளால் பிடித்து வைக்க வேண்டும். கிளிப்பை இரு விரலால் அழுத்தித் திறப்பது, பிடிவலு குறைந்த கைக்கு நாங்கள் வழக்கமாகக் கொடுக்கும் பயிற்சிதான். வெறும் கயிற்றில் நூறு முறை மாட்டிக் கழற்றச் சொன்னால் சலித்துக்கொள்பவர்கள், கப்பலில் மாட்டும்போது எண்ணுவதையே மறந்துவிட்டார்கள்.

இந்த வேலையில் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு. வலப்பக்கம் ஒரு பலகை ஒட்டினால் அடுத்த பலகையை இடப்பக்கம் ஒட்ட வேண்டும். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால், காயும் பலகைகள் இழுக்கும் இழுப்பில் அடிமரமே முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய அடிமரத்தைப் பிறகு நிமிர்த்துவது அரிது. இந்த விதிதான் நாங்கள் சொல்ல வந்த செய்தியின் தொடக்கம்.

அந்தக் குழுவில் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர் இருந்தார். மூளையின் வலப்பகுதியில் ஏற்பட்ட பாதிப்பால் இடக்கையும் இடக்காலும் தளர்ந்திருந்தன. பணிக்காலம் முழுவதும் பயணச்சீட்டுக் கட்டுகளைத் தாங்கி, விரலிடுக்குகளில் மடித்த ரூபாய்த் தாள்களைச் செருகி வைத்திருந்த கை அது. கை தளர்ந்ததை அவரும் குடும்பத்தினரும் புரிந்துகொண்டார்கள். புரியாதது வேறொன்று. தட்டில் வலப்பாதிச் சோற்றை மட்டும் உண்டுவிட்டு, “இன்னும் கொஞ்சம் போடு” என்பார். இடப்பாதி அப்படியே இருக்கும். முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் மழித்திருப்பார். இடப்பக்கம் நின்று பேசிய மகளுக்கு மறுமொழி சொல்லமாட்டார். “வேணும்னே செய்யுறாருங்க” என்று அவருடைய மனைவி எங்களிடம் அழுதார்.

வேண்டுமென்று செய்வது அன்று. இதற்கு ஒருபக்கப் புறக்கணிப்பு என்று பெயர். கண் நன்றாகவே பார்க்கும். ஆனால் அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுத்துக்கொள்ளாது. மூளையின் வலப்பகுதி பாதிக்கப்பட்டவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. சோம்பல், பிடிவாதம், கோபம் என்று வீட்டார் தவறாக எண்ணிக்கொள்ளும் குறைகளில் இதற்கு முதலிடம் கொடுக்கலாம் என்பது எங்கள் அனுபவம். இதை வாசிக்கும் குடும்பத்தினர் எவருக்கேனும் பாதித் தட்டுச் சோறு நினைவுக்கு வந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

கப்பலின் அணியம் அவருக்கு எதிர்ப்புறம் நோக்கியிருக்குமாறு தாங்கியில் நிறுத்தினோம். அப்படி வைத்தால் கப்பலின் இடப்பக்கம் அவருடைய இடப்பக்கமாகவே அமையும். முதல் நாள் வலப்பக்கம் அடுத்தடுத்து மூன்று பலகைகளுக்குப் பசை தடவினார். “இடப்பக்கம், ஐயா” என்றோம். “அங்கே ஒன்றும் இல்லையே” என்றார். மேசையின் இட ஓரத்தில் ஒரு சிவப்பு நாடாவை ஒட்டி, ஒவ்வொரு பலகைக்குப் பின்னும் தலையைத் திருப்பி அந்தச் சிவப்பைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னோம். தளர்ந்த இடக்கை, பலகையின் மேல் எடைக்கல்லைப் போலக் கிடந்து அதை அசையாமல் பிடித்தது. அரை மணிக்குமேல் நாங்கள் அனுமதிக்கவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு வரும் அயர்வு, வெளியே தெரிவதைவிடப் பெரியது.

அவரைவிட அவருடைய மனைவிக்குத்தான் அந்த அரை மணி கடினமாக இருந்தது. பலகை நழுவும் முன்பே அவர் கை நீளும். பேச்சு திணறும் முன்பே விடையைச் சொல்லிவிடுவார். ‘கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்’ என்று நாங்கள் சொன்னதும் ஒரு தவறே. அன்பு உள்ளவர்களுக்கு இயலாத அறிவுரை அது. பிறகு அவருக்கென்று ஒரு வேலை கொடுத்தோம். கப்பற்கயிறுகளுக்கான நூலைப் பிசிறு அடங்கும்வரை தேன்மெழுகில் இழுத்துச் சுருட்டி வைப்பது. கைகளுக்கு வேலை கிடைத்தபின் அவை நீளவில்லை.

இனி எங்கள் பிழை. மருத்துவமனையின் ஆண்டு விழாவுக்கு முந்தைய மாலை. மறுநாள் விருந்தினர் வருவார்கள். கப்பல் மேசைமேல் இருக்கும். இடப்பக்கத்தில் அவர் ஒட்டிய இரண்டு பலகைகள் ஏறி இறங்கி, இடையே நகம் நுழையும் இடைவெளியுடன் இருந்தன. நாங்கள் இருவர் அவற்றைப் பெயர்த்துவிட்டு, புதிய பலகைகளை நேர்த்தியாக ஒட்டி வைத்தோம். இந்த மாதிரியில் முதல் அடுக்குப் பலகைகளின் மேல் வேறொரு மெல்லிய மரத்தால் இரண்டாம் அடுக்கு வரும். அந்த இரண்டு பலகைகளும் எப்படியும் மறையப் போகிறவை. இது தெரிந்திருந்தும் செய்தோம்.

விழா முடிந்து இரண்டு நாள் கழித்து அவர் வந்து அமர்ந்தார். நாங்கள் எதுவும் சொல்வதற்கு முன் தலையைத் திருப்பினார். சிவப்பு நாடாவைத் தாண்டி, கப்பலின் இடப்பக்கத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு வலக்கையை நீட்டித் தடவிப் பார்த்துவிட்டு, “இது நான் ஒட்டினது இல்லை” என்றார்.

எவரும் நினைவூட்டாமல், தாமாகவே அவர் தம் இடப்பக்கத்தைத் தேடிப் பார்த்ததை நாங்கள் கண்டது அதுவே முதல் முறை. மூன்று மாதமாக நாங்கள் காத்திருந்த கணம் எங்கள் ஏமாற்றைக் கண்டுபிடிக்கவே வந்தது. அடுத்த ஆறு நாட்கள் அவர் மேசைக்கு வரவில்லை. நடைப்பயிற்சிக்கு வந்தார், எங்களுக்கு வணக்கம் சொன்னார், அவ்வளவே. ஏழாம் நாள் நாங்கள் இருவரும் அவருடைய கட்டிலருகே சென்று மன்னிப்புக் கேட்டோம். “அதைப் பிரிங்க தம்பி, நானே ஒட்டுறேன்” என்றார்.

ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, காய்ந்த வெள்ளைப் பசைமேல் சற்று நேரம் வைத்தால் பசை இளகும். பலகை முறியாமல் பெயர்ந்து வரும். எங்கள் பலகைகள் அப்படித்தான் வெளியே வந்தன. அவர் ஒட்டியவை இம்முறையும் சற்றுக் கோணல். இடைவெளியை மரத்தூளும் பசையும் கலந்து அவரே அடைத்தார்.

‘நோயாளிக்கு விளையாட்டுச் சாமானா?’ என்று சில குடும்பத்தினர் கேட்டதுண்டு. நெப்போலியன் காலத்துப் போர்களில் பிடிபட்ட பிரெஞ்சுச் சிறைவாசிகள், இங்கிலாந்தின் நார்மன் கிராஸ் முகாமில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தபோது, உணவில் வந்த இறைச்சி எலும்புகளைச் சீவி மாதிரிக் கப்பல்கள் செய்தார்கள். முகாமின் வாயிலில் விற்றுக் காசும் பார்த்தார்கள். அங்கே செய்யப்பட்டவை இன்றும் பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர்களைக் கேட்டிருந்தால் விளையாட்டு என்று சொல்லியிருக்கமாட்டார்கள். அதே வேளையில் நாங்கள் மிகைப்படுத்தவும் விரும்பவில்லை. இந்தக் கப்பல் எவரையும் குணப்படுத்தவில்லை. மருந்தும், நாள்தோறும் செய்த பயிற்சிகளும், காலமும் செய்த வேலையை அவைதான் செய்தன.

பாய்மரங்கள் ஏறியபின் கயிற்று வேலை தொடங்கியது. பாய்மரத்தின் இருபுறமும் கப்பலோட்டிகள் ஏறுவதற்குக் கயிற்றேணிகள் உண்டு. குறுக்குக் கயிறு ஒவ்வொன்றும் நெடுங்கயிற்றைச் சந்திக்கும் இடமெல்லாம் ஒரு முடிச்சு. மொத்தம் பல நூறு. சாமணத்தைப் பிடித்துக்கொண்டு நாங்கள் ஒரு வரிசை முடிப்பதற்குள் நடத்துநரின் மனைவி நான்கு வரிசை முடித்திருந்தார். பூக்கட்டும் விரல்கள். “மல்லிக்குப் போடுற முடிச்சுதானே, இழுத்தா மட்டும் இறுகணும்” என்று சொல்லிவிட்டு, மற்ற உறவினர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். அறுவை அரங்கின் வெளியே காத்திருந்தவர்கள்கூட வந்து ஐந்து முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

வீட்டிலேயே இதைச் செய்ய விரும்புவோருக்குச் சில சொற்கள். மரத்தைத் தேய்க்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஆஸ்துமா உள்ளவர்களும், புற்றுநோய்ச் சிகிச்சையாலோ உறுப்பு மாற்றத்தாலோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் அந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிட்டு வேறு அறையில் இருப்பது நல்லது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்கள் கத்தியைத் தொட வேண்டாம். வெட்டும் வேலை உடனிருப்பவருக்கு. நீரிழிவால் விரல் மரத்தவர்களுக்கு ஊசி குத்தியது தெரியாது. ஆகவே வேலை முடிந்ததும் விரல்களைக் கண்ணால் பார்த்துச் சோதியுங்கள். உடனே ஒட்டும் பசையின் நெடி கண்ணையும் மூச்சையும் உறுத்தும். வெள்ளைப் பசை மெதுவாகக் காயும், ஆனால் தவறைத் திருத்த இடம் கொடுக்கும். முதற்கப்பலாக மூன்று பாய்மரக் கப்பலை எடுக்காதீர்கள். அந்தத் துணிச்சலுக்கு நாங்கள் கொடுத்த விலை பதினொரு மாதம். ஒற்றைப் பாய்மரப் படகு ஒன்று போதும்.

நடத்துநர் இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனைக்கு வருகிறார். கைத்தடி ஊன்றி நடக்கிறார். இடக்கை முழுதாகத் திரும்பவில்லை. தட்டில் இடப்பக்கச் சோறு சில நாட்கள் இன்னமும் மிஞ்சுவதாக அவருடைய மனைவி சொல்கிறார். இப்போது அவர் தட்டைத் திருப்பி வைப்பதில்லை, காத்திருக்கிறார். மின்தூக்கியை விட்டு இறங்கியதும் இருவரும் கண்ணாடிப் பெட்டியின் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருவார்கள். அங்கே வெளியே தெரிவது வழவழப்பான பழுப்பு மரம் மட்டும்.

அடுத்த பெட்டி வந்துவிட்டது. இம்முறை சிறிய படகுதான். பட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலை நடக்கிறது. உள்நோயாளிகளும் உடனிருப்பவர்களும் தங்கள் சிகிச்சையாளரிடம் சொல்லிவிட்டுப் பிற்பகலில் வரலாம். கண்ணாடி அணிபவர்கள் மறக்காமல் கொண்டுவாருங்கள். பழைய துணிக் கிளிப்புகள் வீட்டில் இருந்தால் அவையும் வேண்டும்.