வறண்ட நாட்டில் ஒரு தோட்டம்

உத்தியோகத்தின் பொருட்டோ வியாபாரத்தின் பொருட்டோ ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் குடியேறிய நம்மவர், வீடு அமைந்ததும் முதலில் தேடுவது ஒரு கறிவேப்பிலைக் கன்றும் ஒரு மல்லிகைப் பதியனும் ஆகும். பின்னர் வாழை, கனகாம்பரம், வாசலில் ஒரு துண்டுப் புல்தரை என்று ஆசை பெருகுகிறது. வைகாசி வெயில் வந்ததும் குழாய் நீரில் பெரும்பகுதி இவற்றுக்கே செலவாகிறது. அண்டை வீட்டார் குடத்துடன் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் வேளையில் நாம் புல்லுக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருப்பது உள்ளத்தை உறுத்தாமற் போகாது. தோட்டத்தையே துறந்துவிட வேண்டுமா? வேண்டியதில்லை என்பதற்கு ஜோத்பூர் நகரத்திலேயே சான்று இருக்கிறது.

ஜோத்பூரில் ஆண்டு மழை சராசரியாக ஏறக்குறைய 36 சென்டிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஆடி, ஆவணி மாதங்களில் பெய்து ஓய்ந்துவிடும். அந்நகரத்து மெஹரான்கட் கோட்டையை அடுத்து, எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பாறை நிலம் சுமார் 70 ஹெக்டேர் பரப்பில் கிடக்கிறது. 2006-ஆம் ஆண்டில், டில்லியின் மரங்களைப் பற்றி நூல் எழுதிய பிரதீப் கிருஷண் என்பாரின் வழிகாட்டுதலில், அதனைப் பாலைத் தாவரங்களுக்கே உரிய இடமாக மாற்றத் தொடங்கினர். ராவ் ஜோதா பூங்கா என்னும் பெயரால் அது 2011-இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

அப்பாறை நிலம் வெறுமையாக இருந்ததன்று, பசுமையாகவே இருந்தது. அதுவே இடர்ப்பாடு. இராமநாதபுரத்துக் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்கும் அதே சீமைக்கருவேலம் அங்கும் மண்டிக் கிடந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இம்மரத்தின் விதைகளை, பாலைக்குப் பசுமையூட்டும் நல்லெண்ணத்தால், 1930-களில் ஜோத்பூர் சமஸ்தானத்தில் விமானத்திலிருந்து தூவினார்கள் என்பர். தூவியது எளிது. வெட்டினால் தழைத்தது, அடிக்கட்டையைக் கெடுக்க முயன்றாலும் பாறை வெடிப்பினுள் புகுந்த வேர் மீண்டும் துளிர்த்தது. இறுதியில் கண்ட்வாலியா எனப்படும் பரம்பரைக் கல்லுடைப்போரை அழைத்தனர். அவர்கள் சுத்தியலால் பாறையைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே அது எங்கே கெட்டி, எங்கே பிளவுற்றது என்று அறியவல்லவர்கள். உளியால் குடைந்து வேரின் முடிச்சோடு மரங்களை அகற்றினர். அக்குழிகளிலேயே மண் நிரப்பி, மழை தொடங்கும் வேளையில் அந்நாட்டுச் செடிகளை நட்டனர். நீர் குறைவாகக் குடிக்கும் செடி எதுவாயினும் நன்றே என்று கருதுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

அங்கு நட்ட செடிகள் வறட்சியைத் தாங்கும் முறைகள் பல. கேர் என்னும் புதருக்கு இலை பெயரளவுக்கே உண்டு. பச்சைத் தண்டே இலையின் வேலையைச் செய்கிறது. தோர் என்னும் கள்ளி, மழைக்காலத்தில் மட்டும் இலை விட்டு, நீரைத் தண்டில் சேமித்துக்கொண்டு இலையை உதிர்த்துவிடுகிறது. பூயி என்பது பொங்கலுக்கு நாம் காப்புக் கட்டும் பூளையின் இனத்தது. அதன் வெண்ணிற மயிர் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. கேர்க் காயையும் கேஜ்ரி மரத்தின் நெற்றையும் உலர்த்தி அவ்வூர்ப் பெண்டிர் ஆண்டு முழுவதற்கும் சேமிப்பர். நம் வீட்டுச் சுண்டை வற்றலுக்கு அஃது எவ்வகையிலும் குறைந்ததன்று.

அந்தக் கேஜ்ரி மரம் யாது? நம்முடைய வன்னியே அது! விருத்தாசலம் கோயிலின் தலமரம். விஜயதசமியன்று நாம் வணங்கும் மரம். மார்வாரில் ஆன்வல் என்று வழங்குவது நம் ஆவாரை. இருநாட்டிலும் அதன் பட்டை தோல் பதனிடப் பயன்பட்டது. ஜால் என்பது நம் உகாய். எருக்கைச் சொல்லவே வேண்டா. வாழையும் கனகாம்பரமும் மட்டுமே ஊர் நினைவைத் தரும் என்று ஏன் எண்ண வேண்டும்? காவிரிக் கரையின் செடிகள் அங்கே விருந்தாளிகள். நம் வானம் பார்த்த பூமியின் செடிகளுக்கோ அது சொந்த வீடு.

நடும் முறை பெரிதன்று. மழைக்கு முன்னரே குழி எடுத்து, சரிவின் தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் கரை கட்டினால் ஓடும் நீர் அங்கே தங்கும். மண்ணின்மேல் சருகு பரப்புதல் நலம். முதல் இரண்டு கோடைகளுக்கு நீர் வேண்டும்; ஆனால் நாள்தோறும் தெளித்தல் கூடாது. மேலே ஈரம் கண்ட வேர் கீழே இறங்காது. இடைவெளி விட்டு, ஆழமாக நனையும்படி ஊற்ற வேண்டும். பிறகு நிறுத்திவிடலாம், இச்செடிகள் வறட்சியால் மடிவதினும் அன்பு மிகுந்து ஊற்றும் நீரால் வேரழுகி மடிவதே மிகுதி.

கறிவேப்பிலையை விட்டுவிடச் சொல்லும் துணிவு நமக்கில்லை. அதற்கு மெருகிடாத மண்பானை ஒன்றைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடி வைத்தால், பானையின் நுண்துளை வழியே கசியும் ஈரத்தை வேர் தானே தேடிக்கொள்ளும்.  புல்தரையை மட்டும் கைவிடலாம். அவ்விடத்தில் தாமண் என்னும் உள்நாட்டுப் புல்லை வளரவிட்டால், கோடையில் பொன்னிறமாகக் காய்ந்து மழையில் மீண்டும் பசுக்கும்.

மூன்றாண்டில் மாற்றல் வரும் உத்தியோகஸ்தர், மெல்ல வளரும் வன்னியை நட்டு என்ன கண்டோம் என்று கேட்பது நியாயமே. அவர் முதலில் வேலியோரத்தில் ஆவாரையை விதைக்கலாம். விதையின் தோல் கடினமானதாதலின் வெந்நீரில் இட்டு ஓரிரவு ஊறவைத்து ஊன்ற வேண்டும். அது விரைவில் மஞ்சட் பூக்களைத் தந்துவிடும். பக்கத்துக் குழியில் வன்னி, அடுத்துக் குடிவரும் குடும்பத்தின் குழந்தைகளுக்காக வளர்ந்துகொண்டிருக்கும்.