காசு போட்டுக் குறி பார்க்கும் சீனர்கள்!
மாறிய கோட்டை நம்பி மோசம் போன அதிகாரி

ஆண்டிபட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பூப் போட்டுப் பார்க்கும் வழக்கம் உண்டு. பெண்ணைக் கொடுக்கலாமா, கிணறு வெட்டலாமா என்று சாமியிடம் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம். எது வந்தால் சம்மதம் என்று முதலிலேயே பேசிக்கொள்வார்கள். ஒரு குழந்தை எடுத்துக் கொடுக்கும். பிரித்துப் பார்த்தால் விஷயம் முடிந்தது.

சீனர்களின் குறி அத்தனை சுலபத்தில் முடியாது!

ஆறு கோடுகள்

அவர்களுடைய பழைய குறி நூலின் பெயர் "ஈ சிங்". "மாறுதல் நூல்" என்று அர்த்தம்.

3 காசுகளைக் குலுக்கிப் போடவேண்டும். தலை விழுந்தால் 3. பூ விழுந்தால் 2. கூட்டினால் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்று வரும். ஒற்றைப்படை என்றால் முழுக்கோடு. இரட்டைப்படை என்றால் நடுவில் உடைந்த கோடு. இப்படி 6 தடவை போட்டு, கீழிருந்து மேலாக 6 கோடுகள் வரைவார்கள். மொத்தம் 64 வடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பலன்.

7-ம் 8-ம் மாறாதவை. 9 வந்தால்தான் வேடிக்கை! அது முற்றிப்போன முழுக்கோடு. உடைந்த கோடாக மாறிவிடும். 6 வந்தால், உடைந்தது ஒட்டி முழுக்கோடாகும். பவுர்ணமிக்கு மறுநாள் நிலா தேயத் தொடங்குகிறது அல்லவா? அதே கணக்குதான்.

கோடு மாறியதும் இரண்டாவது வடிவம் ஒன்று கிடைக்கும். முதல் வடிவம் இன்றைய நிலை. இரண்டாவது, அது போகும் திசை. ஒரு கோடு மட்டும் மாறினால், அந்தக் கோட்டுக்குரிய வாசகமே முக்கியம். 12-ம் நூற்றாண்டில் ஜூ ஷி என்ற அறிஞர் வகுத்த விதி இது.

கலகக்காரன் கேட்ட குறி

கி.மு. 530-ல் லூ நாட்டில் நன் குவாய் என்று ஓர் அதிகாரி இருந்தான். தன் எஜமானக் குடும்பத்தை எதிர்த்துக் கலகம் செய்யத் திட்டமிட்டான். குறி பார்த்தான். அக்காலத்தில் காசு போட்டுப் பார்க்கும் முறை இல்லை. காய்ந்த செடித் தண்டுகளை எண்ணிப் பார்ப்பார்கள்.

ஆறும் உடைந்த கோடுகள். ஐந்தாவது கோடு மட்டும் மாறியது. அதற்குரிய வாசகம் மஞ்சள் கீழாடையைச் சொல்லி, பெரும் நன்மை உண்டு என்கிறது. அவனுக்கு ஒரே சந்தோஷம்!

காரியம் இன்னதென்று சொல்லாமல், ஹுயிபோ என்ற பெரியவரிடம் காட்டினான். அவர் வேறு விதமாகப் பொருள் சொன்னார். மஞ்சள் நடுநிலையின் நிறம். கீழாடை அடங்கி நடப்பதன் அடையாளம். விசுவாசமான காரியம் என்றால் பலிக்கும், இல்லாவிட்டால் தோற்கும் என்றார். நம் ஊர்ப் பூசாரி இப்படிச் சொன்னால் எத்தனை பேர் பூக் கேட்க வருவார்களோ!

நன் குவாய் கேட்கவில்லை. கலகம் செய்தான். இரண்டு ஆண்டுகளில் ஊராரே அவனை விரட்டினார்கள். பக்கத்து நாட்டுக்கு ஓடிப் போனான்.