அருகிருந்து கேட்கும் பாட்டு

பாட்டைக் கேட்பது வேறு; பாடுகிறவரின் முகம் பார்த்துக் கேட்பது வேறு. முன்னது இக்காலத்தில் எவர்க்கும் எளிது. கைப்பேசியைத் தொட்டால் போதும். பின்னதற்கோ வீட்டை விட்டு எழுந்து போக வேண்டும். முன்பின் அறியாதவரோடு அமர வேண்டும். பேச்சை அடக்கிக் காத்திருக்க வேண்டும். இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்போர் உளர். அவர்களுக்கு மறுமொழியாக, அமெரிக்க மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றிலுள்ள இசைக்கூடத்தின் வரலாற்றைச் சொல்ல விழைகிறேன்.

விர்ஜீனியா மாநிலத்தில், கிளின்ச் மலையின் அடிவாரத்தில் ஏ. பி. கார்ட்டர் என்பவர் வாழ்ந்து வந்தார். 1927 ஆகஸ்டு மாதத்தில் அவரும், அவர் மனைவி சாராவும், தம்பி மனைவி மேபெல்லும் பிரிஸ்டல் நகருக்குச் சென்று தங்கள் முதல் இசைத்தட்டுகளுக்காகப் பாடினர். கோவிலில் பாடும் நற்செய்திப் பாடல்களும், காதலும் பிரிவும் சாவும் பற்றிய மலைமக்களின் பாடல்களும் அவர்களிடம் ஒருங்கே கலந்திருந்தன. மேபெல் கிட்டாரின் தடித்த தந்திகளில் கட்டைவிரலால் மெட்டை மீட்டி, மற்ற விரலால் மெல்லிய தந்திகளை வருடித் தாளம் சேர்ப்பார். கன்ட்ரி இசை என்று இன்று வழங்கும் மரபின் முதல் ஊற்றுகளுள் கார்ட்டர் குடும்பத்தின் இசையும் ஒன்று.

அப்பாடல்கள் ஏட்டிலிருந்து மட்டும் வந்தவை அல்ல. ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராய், வீடு வீடாய் அலைந்து பழம்பாடல்களைத் திரட்டினார். அப்பயணங்களில் அவருக்குத் துணை நின்றவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கிட்டார்க் கலைஞர். விபத்தில் ஒரு காலை இழந்தவர். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்ள, ரிடில் மெட்டை நெஞ்சில் பதித்துக் கொண்டார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பள்ளியில் அமரச் சட்டம் இடங்கொடாத காலம் அது. அந்த மெட்டுகளால் புகழ் பெற்றது கார்ட்டர் குடும்பம். ரிடிலின் பெயரோ நெடுங்காலம் வெளியே தெரியாதிருந்தது. பாட்டை நேசிப்போர் இந்தக் கடனை மறத்தலாகாது.

ஏ. பி.யும் சாராவும் மணவாழ்வில் பிரிந்தனர். பின்னர் குழுவும் கலைந்தது. கார்ட்டர் ஊருக்குத் திரும்பி ஒரு மளிகைக் கடை நடத்தினார். 1960-இல் அவர் இறந்தார். குடும்பத்தின் பாடல்கள் அழிந்து போகாமல் காக்க வேண்டும் என்பது தம் மகள் ஜேனட்டிடம் அவர் வைத்த வேண்டுகோள். மகள் வாக்களித்தார்.

வாக்கை நிறைவேற்ற அவரிடம் பெரும் பணம் இல்லை. தந்தையின் பழைய கடை இருந்தது. 1974-இல் அந்தக் கடைக்குள்ளேயே இசை நிகழ்ச்சிகளைத் தொடங்கினார். கூட்டம் பெருகவே, கடையருகில் 1976-இல் ஒரு கூடம் எழுந்தது. அதற்குக் கார்ட்டர் ஃபோல்டு என்று பெயர். ஃபோல்டு என்னும் சொல்லுக்கு ஆட்டுக்கிடை என்றும் பொருளுண்டு. எவ்வளவு பொருத்தமான பெயர்!

அங்கே சனிக்கிழமை மாலைகளில் பாட்டு நடைபெறும். மதுவுக்கு இடமில்லை. மின்கிட்டார் போன்ற மின்னிசைக் கருவிகளுக்கும் இடமில்லை; மரமும் தந்தியும் தரும் இயல்பான ஒலியே போதும் என்பது ஜேனட்டின் உறுதி. ஆகவே பாட்டனும் பேரனும் அருகருகே அமரலாம். மேடைக்கு முன்னே ஆடுவதற்கும் இடமுண்டு. கருவிகளைப் பற்றிய விதிக்கு விலக்குப் பெற்றவர் ஜானி கேஷ். மேபெல்லின் மகள் ஜூனை மணந்தவர். உலகப் புகழ் வாய்ந்த பாடகர்.

2003 மே மாதத்தில் ஜூன் இறந்தார். மாபெரும் அரங்குகளை நிறைத்த அந்தக் கேஷ், ஜூலை 5 அன்று, நோயால் தளர்ந்த உடலோடு இச்சிறு கூடத்துக்கு வந்து, நாற்காலியில் அமர்ந்து பாடினார். மக்கள் முன் அவர் பாடியது அதுவே கடைசி முறை. செப்டம்பரில் அவரும் மறைந்தார். மனைவியை இழந்தவன் தன் துயரை எங்கே கொண்டுபோய் வைப்பான்? மனைவியின் உறவினரும் ஊராரும் அமர்ந்திருந்த இடத்தை அவர் நாடினார். நூறாயிரம் பேர் கைதட்டினாலும் கிடைக்காத ஆறுதல் ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஜேனட் 2006-இல் காலமானார். தந்தைக்குக் கொடுத்த வாக்கு முப்பதாண்டுகளுக்கு மேல் காக்கப்பட்டது. பின்னர் அவருடைய மகள் அப்பொறுப்பை ஏற்றார்.

அன்பு வாசகர்களே, இசைத்தட்டு குரலைக் காக்கும். ஆனால் பாடுகிறவருக்குக் கேட்போர் தரும் துணையை அது தருவதில்லை. பாடகர் மூச்சு வாங்குவதையும், கண் கலங்குவதையும், அடுத்த பாட்டுக்காகத் தந்தியை முறுக்குவதையும் அருகிருந்து காண்பவன் வெறும் பார்வையாளன் அல்லன். அவனும் அப்பாட்டைச் சுமக்கிறான். ஆகவே சிறு கூடத்தில் பாட்டு நடக்கிறது என்று அறிந்தால் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். முன்வரிசையில் அமருங்கள். கைப்பேசியைப் பைக்குள் வையுங்கள். கடைசிப் பாட்டு முடியும்வரை எழாதீர்கள். வெளியே வரும்போது பாடியவரிடம் ஒரு நல்ல சொல் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமையும் அவர் பாட வருவதற்கு அச்சொல் துணையாகும்.